வளையக்கா தள்ளிய காய்

என் மனைவியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்று எனக்குக் குழப்பமே இல்லை. அவள் என் காயைத் தள்ளினாள். பதினோரு வருடமாகத் தள்ளினாள். எங்கள் ஊரில் எழுபத்தெட்டுப் பேர் கம்பெனிக்கென்று குட்டி வெள்ளரி போடுகிறோம். அந்த எழுபத்தெட்டுப் பேரில் அதிகமாகத் தள்ளுபடி ஆனது கட்டின புருஷனான என்னுடைய பெட்டிதான். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு ஒன்றும் சிரிப்பு வரவில்லை.

குட்டி வெள்ளரி ஒரு விசித்திரமான பயிர். விரல் பருமனில் பறித்துக் கொடுத்தால் கம்பெனி அதை வினிகரில் ஊறவைத்து, பாட்டிலில் அடைத்து, கப்பலேற்றி எங்கேயோ அனுப்புகிறது. அங்கே யாரோ ரொட்டிக்கு நடுவில் வைத்துச் சாப்பிடுகிறார்களாம். இங்கே யாரும் தொடுவதில்லை. ஒருமுறை பாட்டில் ஒன்று கிடைத்து ருசி பார்த்தோம். என் மாமனார் வாயைக் கொப்பளித்துவிட்டு, "இதுக்காகவா மாப்ள இடுப்பு ஒடிய வேலை செய்யறீங்க?" என்று கேட்டார்.

இந்தக் காய்க்கு இன்னொரு குணம் உண்டு. ஒரு நாள் பறிக்காமல் விட்டால் சுண்டுவிரலாக இருந்தது கட்டைவிரலாகிவிடும். இரண்டு நாள் விட்டால் மாட்டுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை, காய்ச்சல், சொந்தக்காரர் வருகை எதுவும் அதற்குக் கணக்கில்லை. எனக்கோ எதைச் சொன்னாலும் 'நாளைக்குப் பாத்துக்கலாம்' என்று சொல்லும் பழக்கம். ஆக எனக்கும் இந்தப் பயிருக்கும் ஏழாம் பொருத்தம்.

கம்பெனியோடு எங்களுக்கு ஏற்பாடு என்னவென்றால், விதையும் உரமும் அவர்கள் தருவார்கள், விதைக்கும்போதே விலை பேசிவிடுவோம், காய் முழுவதும் அவர்களுக்கே. கேட்க நன்றாகத்தான் இருந்தது. முதல் வருடம் ஊர் ஷெட்டில் எடை மட்டும் போடுவார்கள். தரம் பார்ப்பது தொழிற்சாலையில். மறுநாள் லாரியோடு ஒரு துண்டுச்சீட்டு வரும்: வந்தது முப்பது பெட்டி, தள்ளுபடி பத்து. தள்ளின காய்க்குக் காலணா கிடையாது. யார் தள்ளினார்கள், ஏன் தள்ளினார்கள், தள்ளினது எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. ஊரே முணுமுணுத்துக்கொண்டு சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டது. நானும் வைத்துக்கொண்டேன்.

என் மனைவி மட்டும் சீட்டைக் கொண்டுவந்த கம்பெனி ஆளைப் பார்த்து, "தள்ளின காய் எங்க?" என்று கேட்டாள்.

"அது அங்கேயே இருக்கும்மா."

"எங்க காய்தானே? நீங்க வாங்கலைதானே? அப்போ குடுங்க. மாட்டுக்குப் போடணும்."

அந்த ஆள் சிரித்தார். இவள் சிரிக்கவில்லை. இரண்டு காலிச் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். "நாளைக்குப் போயேன்" என்றேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அங்கே நடந்ததை டிரைவர் எங்களுக்குப் பத்துத் தடவை நடித்தே காட்டினார். மேனேஜர் அறையில் இவள் சாக்கோடு போய் நின்றாளாம். மேனேஜர் முதலில் உட்காரச் சொன்னார், அப்புறம் டீ சொன்னார், அப்புறம் கொள்கை, விதிமுறை என்று என்னென்னவோ சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இவள், "சரி சார், எங்க மாட்டுக்குப் பசிக்குது" என்றாளாம். வேறு வழியில்லாமல் அவர் ஊறவைக்கும் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவரைக் கூப்பிட்டு, நேற்றுத் தள்ளின காயைக் கொண்டுவரச் சொன்னார். தொட்டிக்காரர் கள்ளங்கபடம் இல்லாத மனிதர். "எந்தக் காய் சார்? வந்ததெல்லாம் தொட்டியில போட்டாச்சே!" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அப்போ தள்ளலையே சார்" என்றாளாம் இவள்.

மேனேஜர் அசடு வழிந்தார். அதற்கு அடுத்த வாரம் அக்ரிமெண்ட் மாறியது. இனிமேல் ஊர் ஷெட்டிலேயே தரம் பார்ப்பது. பார்க்கிறவர் விவசாயிகளே தேர்ந்தெடுத்த ஆள். கூடவே கம்பெனி ஆளும் இருந்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால், அதுதான் முடிவு. அதற்குப் பிறகு தொழிற்சாலையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. இதற்காகக் கம்பெனி ஒரு எஃகு வளையம் கொடுத்தது. காய் வளையத்துக்குள் போனால் முதல் தரம். போகாவிட்டால் இரண்டாம் தரம், பாதி விலை. அவ்வளவுதான் சட்டம். கடைசியில் மேனேஜர் தன் மனக்கசப்புக்கு ஒரு வரி சேர்த்தார்: வளையம் தொலைந்தால் தரம் பார்ப்பது மறுபடி தொழிற்சாலைக்குப் போய்விடும்.

தரம் பார்க்க யாரைப் போடுவது என்று கூட்டம் போட்டோம். யாரும் யாரையும் நம்பவில்லை. சாக்கோடு போனவளை மட்டும் எல்லோரும் நம்பினார்கள். அன்றையிலிருந்து அவள் வளையக்கா. அவளுக்கென்று ஒரு பேர் உண்டு, அதை இப்போது பாங்கில் மட்டும்தான் கூப்பிடுகிறார்கள். நான் வளையக்கா வீட்டுக்காரர். என் பேரை யாரும் எங்கேயும் கூப்பிடுவதில்லை.

மூன்றாவது வாரமே வளையம் தொலைந்தது.

எப்படித் தொலைந்தது என்றால், காய்ப் பெட்டிக்குள் விழுந்து லாரியோடு போய்விட்டது. அநேகமாக ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு பாட்டிலுக்குள் இருக்கும். ஷெட்டில் அவளும் நானும் மட்டும் இருந்தோம். அவள் முகம் வெளிறிப்போய்விட்டது. அவளை அப்படி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மேனேஜரின் அந்த ஒரு வரிதான் அவள் கண்முன் நின்றிருக்கும்.

அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தினமும் வேலை தொடங்கும்போது வளையத்துக்குச் சிக்கெனப் பொருந்துகிற காய் ஒன்றை எடுத்து மேஜை மேல் வைப்பாள். யாராவது சண்டைக்கு வந்தால், "இதோ பாரு, இதான் அளவு" என்று காட்டுவதற்கு. அன்றைக்கு வைத்த மாதிரிக் காய் மேஜையிலேயே இருந்தது. அதை முந்தானையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். நான் முன்னே மோட்டார், குழாய் ரிப்பேர் பார்த்தவன். அரமும் ரம்பமும் என்னிடம் உண்டு.

"இதுக்குச் சரியா ஒரு வளையம் இன்னிக்கே பண்ணிடுங்க" என்றாள்.

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். அதற்கேற்ற மாதிரி அன்று மழை பிடித்துக்கொண்டது. பாதை சேறாகி இரண்டு நாள் லாரி வரவில்லை. லாரி வராதபோது என்ன அவசரம் என்று காயை அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். மூன்றாம் நாள் காலையில் ஹார்ன் சத்தம் கேட்டுத்தான் அலறியடித்துக்கொண்டு எழுந்தேன். ஒரு பழைய குழாயை அறுத்து, உள்பக்கத்தை அரத்தால் ராவி, அந்தக் காய் சிக்கென்று போய் வருகிற வரைக்கும் தேய்த்துக் கொடுத்தேன். அவள் போட்டுப் பார்த்து, சரி என்றாள். துளை போட்டு, கம்பி கோத்து, இடுப்பில் கட்டிக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினாள்.

பதினோரு வருடம் அந்தக் குழாய்த் துண்டுதான் கம்பெனி வளையம். அப்போது இருந்த கம்பெனி ஆள் உற்றுப் பார்க்கவில்லை. அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருவர் மாறினார். வருகிற ஒவ்வொருவரும் அதைத்தான் கம்பெனி கொடுத்தது என்று நினைத்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள்.

அவள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். ஷெட் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நாலு தூண், தகரக் கூரை, ஒரு எடை மிஷின், துத்தநாகத் தகடு அடித்த மேஜை. மாலை நாலு மணிக்கு வரிசை தொடங்கும். அவள் உட்கார மாட்டாள். வலது கையால் காயை எடுத்து, இடது கையில் பிடித்த வளையத்துக்குள் விட்டு, போனால் இந்தப் பெட்டி, போகாவிட்டால் "தள்ளு" என்று அந்தப் பெட்டி. சந்தேகம் வருகிற காய்க்கு மட்டும்தான் வளையம். மற்றதெல்லாம் கண்ணாலேயே. என் பெட்டியை எப்போதும் வரிசையின் நடுவில், எல்லோரும் நிற்கும்போதுதான் பார்ப்பாள். அதில் ஒரு காய்கூட விடாமல் வளையத்தில் போட்டுப் பார்ப்பாள்.

வீட்டில் ஒருநாள் கேட்டே விட்டேன். "ஏம்மா, எனக்குச் சோறு போடறவ நீதானே?"

"சோறு வேற, காய் வேற. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமா?"

வரிசையில் ஒருவர் உண்டு. அவரை நாங்கள் எதிர்க்கட்சி என்போம். இரண்டு ஏக்கர்காரர், குரல் நாலு ஏக்கருக்குக் கேட்கும். கூட்டத்தில் எதைச் சொன்னாலும் எதிர்த்துத்தான் பேசுவார். மழை வரும் என்றால் வராது என்பார். தினமும் தன் பெட்டியை இறக்கினதும், "வளையம் சின்னதா இருக்கு தங்கச்சி" என்பார்.

"உங்க காய் பெருசா இருக்குண்ணே" என்பாள் இவள்.

வரிசை சிரிக்கும். பதினோரு வருடம் ஒரு நாள் விடாமல் இதே பேச்சு. அவர் ஒருநாள் சொல்ல மறந்தபோது எல்லோரும் அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரித்தோம்.

இந்த வருடம் கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்தார். சின்ன வயதுப் பெண், மரியாதையாகப் பேசுகிறவர். திரையில் படம் போட்டு, இனித் தரம் பார்க்கப் புதிய முறை என்று விளக்கினார். தொழிற்சாலையில் மிஷின் வந்துவிட்டது, அதுவே அளந்து பிரித்துவிடும், ஷெட்டில் யாரும் நின்று கஷ்டப்பட வேண்டாம். கேட்ட எங்களுக்குப் பழைய துண்டுச்சீட்டு ஞாபகம் வந்தது.

"மிஷின் தள்ளின காயை நாங்க எங்கம்மா வந்து பாக்கறது?" என்று கேட்டாள் என் மனைவி.

மேனேஜர் யோசித்தார். நியாயமான பெண் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு சோதனை வைக்கலாம் என்றார். ஒரு நாள் சரக்கை வளையக்கா தரம் பார்க்கட்டும். அவள் முதல் தரம் என்று அனுப்புகிற பெட்டிகளை மறுநாள் மிஷினில் விட்டுப் பார்ப்போம். நூற்றுக்கு மூன்றுக்கு மேல் தப்பு இருந்தால் ஷெட்டை மூடிவிடலாம். இல்லாவிட்டால் மூன்று வருடத்துக்கு ஷெட்தான், எழுதியே தருகிறேன் என்றார். ஊர் இவள் முகத்தைப் பார்த்தது. இவள் தலையாட்டினாள்.

அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "நீயாவது பயப்படறதாவது!" என்றேன்.

"குழாய்த் துண்டுங்க" என்றாள். "எழுவத்தெட்டுக் குடும்பம் ஒரு குழாய்த் துண்டை நம்பி நிக்குது. தப்பா இருந்தா ஷெட்டு போச்சு."

அரமும் ரம்பமும் இருந்த பெட்டியை நான் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன். அறுத்தது நான் அல்லவா.

சோதனை நாளில் அவளும் நானும் லாரியிலேயே தொழிற்சாலைக்குப் போனோம். முதல் தரப் பெட்டிகளை ஒவ்வொன்றாக மிஷினில் கவிழ்த்தார்கள். பெல்ட் ஓடியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். முடிந்ததும் மேனேஜர் பெண் காகிதத்தைப் பார்த்தார், மறுபடி பார்த்தார். நூற்றுக்குப் பூஜ்யம். ஒரு காய்கூடத் தப்பில்லை. எழுந்து நின்று கை தட்டினார், மிஷின்காரர்களும் தட்டினார்கள். அங்கேயே கையெழுத்தாயிற்று. போகும்போது ஒரு சின்ன அட்டைப் பெட்டியில் புத்தம்புது எஃகு வளையம் ஒன்றையும் கொடுத்து, "பழசு தேஞ்சிருக்கும், இதை வெச்சுக்கோங்கம்மா" என்றார்.

இரண்டாம் தரப் பெட்டிகளை யாரும் திறக்கவே இல்லை. நாங்கள் அவர்களை ஏமாற்றினோமா என்று பார்க்கத்தான் சோதனை. நாங்கள் ஏமாந்தோமா என்று பார்க்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து?

எனக்கு வானத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. இவள் வழி நெடுக உம்மென்று வந்தாள். மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் நேரே சமையலறைக்குப் போனாள். அன்று விடிகாலையில் கிளம்புமுன் நான் பறித்த பெட்டி அங்கே இருந்தது, சாயங்காலம் ஷெட்டுக்குப் போக வேண்டியது.

"பூஜ்யம் எப்படிங்க வரும்?" என்றாள். "மனுஷக் கைதானே. நூத்துக்கு ஒண்ணாவது தப்பணுமே."

தரையில் உட்கார்ந்து பெட்டியைக் கொட்டினாள். முதலில் குழாய் வளையத்தில் போட்டுப் பிரித்தாள். தள்ளின காய் நாற்பது தேறியது. அந்த நாற்பதையும் புது வளையத்தில் போட்டாள். ஏழு காய் சத்தமில்லாமல் உள்ளே போய் மறுபக்கம் விழுந்தது. ஏழையும் எடுத்து மறுபடி போட்டாள். மறுபடியும் விழுந்தது.

இரண்டு வளையத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைக் கேட்டாள். "மாதிரிக் காயைக் குடுத்தேனே, எத்தனை நாள் கழிச்சு அறுத்தீங்க?"

"மழை பெஞ்சுதே... ரெண்டு நாள்."

"காய் எங்க இருந்துச்சு?"

நான் அலமாரியைக் காட்டினேன். அடுப்பையும் சேர்த்துத்தான் அவள் பார்த்தாள்.

"வாடியிருக்கும்" என்றாள். "வாடிச் சுருங்கியிருக்கும். சுருங்கின காய்க்குத்தான் நீங்க வளையம் அறுத்தீங்க. போட்டுப் பாத்த எனக்காவது புத்தி இருந்துச்சா?"

திட்டியிருந்தால் தேவலாம். திட்டவில்லை. பதினோரு வருடம் ஊரில் ஒவ்வொரு பெட்டியிலும் சில நல்ல காயை இரண்டாம் தரமென்று தள்ளியிருக்கிறாள். கம்பெனி அதைப் பாதி விலைக்கு வாங்கி முதல் தரப் பாட்டிலில் அடைத்திருக்கும். என்னுடைய இரண்டு நாள் தூக்கத்தின் விலை அது.

"யாருக்கும் சொல்ல வேண்டாம்" என்றேன். வெட்கமில்லாமல்தான் சொன்னேன். "அதான் புது வளையம் வந்தாச்சே. இன்னியிலேந்து சரியாயிடும்."

"இன்னியிலேந்து சரியாயிடும். நேத்து வரைக்கும்?"

"சொன்னா உன்னைத் தூக்கிடுவாங்க. இவளே தப்புன்னா ஷெட்டு எதுக்கு, மிஷினே இருக்கட்டும்னு சொல்லிடுவாங்க. இதுக்கா இத்தனை பாடுபட்டே?"

"தள்ளின காய் எங்கன்னு அந்த மேனேஜரைக் கேட்டவ நான்" என்றாள். "என்னை யாரு கேப்பா?"

நாலு மணிக்கு ஷெட்டில் ஊரே கூடியிருந்தது. சேதி முன்னாலேயே வந்துவிட்டதால் யாரோ மேஜைக்கு வண்ணக் காகிதம்கூட ஒட்டியிருந்தார்கள். இவள் போனதும் கை தட்டினார்கள். தட்டி முடிக்கும் வரை பொறுத்திருந்து, இரண்டு வளையத்தையும் மேஜை மேல் வைத்தாள்.

"இது கம்பெனி வளையம் இல்ல" என்று குழாய்த் துண்டைத் தொட்டுச் சொன்னாள். "அது மூணாவது வாரமே தொலைஞ்சு போச்சு. ஷெட்டு போயிடுமேன்னு சொல்லாம இதைப் பண்ணேன். இது சின்னது. நாப்பது தள்ளினா அதுல ஏழு நல்ல காய். பதினோரு வருஷமா உங்க காயை நான் தப்பாத் தள்ளிட்டேன். மாதிரிக் காய் வாடியிருந்ததை நான் கவனிக்கல. வேற ஆளைப் போட்டுக்குங்க."

நான் என்று ஒரு ஆள் அதில் எங்கேயும் வரவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதினோரு வருடக் கூட்டங்களில் நான் வாய் திறந்ததே இல்லை. அன்று எழுந்துவிட்டேன்.

"அறுத்தது நான்" என்றேன். "அவ இன்னிக்கே பண்ணுன்னு சொன்னா. நான் ரெண்டு நாள் தூங்கிட்டேன்."

எல்லோரும் எதிர்க்கட்சியைப் பார்த்தார்கள். அவர் தூணை விட்டு நிதானமாக மேஜைக்கு வந்தார். குழாய்த் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தங்கச்சி, நான் தினம் என்ன சொன்னேன்?"

"வளையம் சின்னதா இருக்குன்னு சொன்னீங்கண்ணே."

"சத்தமா சொல்லு. பின்னாடி கேக்கல."

"வளையம் சின்னதா இருக்குன்னு சொன்னீங்க." இந்த முறை பின்வரிசைக்கும் கேட்டது.

அவர் ஊரைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டுக்கிட்டீங்களா? சிரிச்சீங்களே எல்லாரும்." இதற்காகப் பதினோரு வருடம் காத்திருந்த மனிதர், அனுபவித்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு என்னைக் கை காட்டினார். "இந்த ஷெட்டுல அதிகமாத் தள்ளினது யாரு காயி? இந்தத் தூங்குமூஞ்சி காயி. சின்ன வளையத்துல அதிகம் நஷ்டப்பட்டது இவ வீடு. வேற ஆளு போடுங்கறா. போடலாம். எவன் முதல்ல சொந்தக் காயைத் தள்ளுவான்? கையைத் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"அப்போ பேச்சு எதுக்கு?" என்று தன் பெட்டியைத் தூக்கி மேஜை மேல் வைத்தார். "பாரு."

அவள் புது வளையத்தை எடுத்தாள். முதல் காய் போயிற்று. இரண்டாவது போயிற்று. மூன்றாவது சிக்கி நின்றது. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "தள்ளு" என்றாள்.

"புது வளையமும் சின்னதாத்தான் இருக்கு" என்றார் எதிர்க்கட்சி.

வரிசை சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல், "நாளைக்குக் காலையில லாரி ஏறறோம், நீயும் நானும். பதினோரு வருஷமாத் தப்பாத் தள்ளின காயைத் திருப்பிக் குடுன்னு கேக்கறோம். மாட்டுக்குப் பசிக்குதுன்னு சொல்லு" என்றார்.

மறுநாள் விடிந்ததும் அவள் இரண்டு வளையத்தையும் ஒரே கம்பியில் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டாள். பழைய சாக்கு இரண்டையும் தேடி எடுத்தாள். எதிர்க்கட்சி லாரியில் ஏற்கெனவே டிரைவரோடு எதையோ எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தார். ஏறுவதற்கு முன் அவள் என்னைப் பார்த்து, "காய் பறிக்கணும்" என்றாள்.

நாளைக்குப் பாத்துக்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கூடையை எடுத்துக்கொண்டு பறிக்கப் போனேன்.